புதுப்பிப்பு: பழைய தோல் கைப்பையின் பூஞ்சை வாடை திரும்ப வந்தால்

கரித்தூள் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் பையை வைக்கச் சொல்லியிருந்தேன். வாடை போய், மழை நாளில் திரும்பியதாகப் பலர் எழுதியிருக்கிறீர்கள். காரணம், கரி காற்றிலுள்ள வாடையைத்தான் பிடிக்கும். பூஞ்சை தோலிலேயே இருக்கும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி வளரும்.

1970களின் கோச் (Coach) நிறுவனப் பைகள் போல லைனிங் (உள்துணி) இல்லாதவற்றில் உள்பக்கம் சொரசொரப்பான தோல். பூஞ்சை அங்கேதான் ஒட்டும். முதலில் வெளியில் வைத்து, மென்மையான பிரஷால் தையல் மடிப்புகள் வரை தட்டி எடுங்கள், முகமூடி அவசியம். பிறகு 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அதே அளவு தண்ணீர் கலந்து, பிழிந்த துணியால் துடையுங்கள். சாயம் கிளம்பலாம், மறைவான மூலையில் சோதியுங்கள். நிழலில் மின்விசிறிக் காற்று போதும். வெயிலும் ஹேர் டிரையரும் தோலை விறைக்க வைக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே கரி, இரண்டு வாரம்.

சமையல் சோடாவை நேரடியாகத் தூவாதீர்கள்: தோல் அமிலத்தன்மை கொண்டது, சோடா காரம். தையலில் புகுந்தால் எடுப்பதும் கடினம். தோலை மென்மையாக்கும் கண்டிஷனர் கடைசியில்தான்.

லைனிங் உள்ள பையில் அடி அட்டையையும் முகர்ந்து பாருங்கள். அது நாறினால் மாற்றியே ஆகவேண்டும்.