ஸ்டார் டிரெக் பழைய தொடர் டிவிடி: எந்தப் பதிப்பை வாங்குவது, எந்த வரிசையில் பார்ப்பது?

திருநகர்_வானொலி:

வணக்கம். ஸ்டார் டிரெக் என்ற விண்வெளிக் கதையின் முதல் தொடரை, அதாவது கேப்டன் கிர்க், விஞ்ஞானி ஸ்பாக், டாக்டர் மெக்காய் மூவரும் வருகிற பழைய தொடரை, முழுதாக டிவிடியில் சேர்த்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறேன். அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை என்பிசியில் ஓடியது, மூன்று சீசன், மொத்தம் 79 எபிசோடு. நான் பார்த்தது எண்பதுகளில் தூர்தர்ஷனில், ஞாயிற்றுக்கிழமை காலையில், பக்கத்து வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில். பேசுகிற இங்கிலீஷ் பாதி புரியாது. ஆனாலும் ஸ்பாக்கின் காதும், ஆட்கள் மினுமினுவென்று கரைந்து வேறொரு கிரகத்தில் போய் நிற்பதும் மனசை விட்டுப் போகவே இல்லை. தலைமைக்கு மஞ்சள் சட்டை, விஞ்ஞானிகளுக்கு நீலம், இன்ஜினியருக்கும் காவலுக்கும் சிவப்பு என்பதெல்லாம் இப்போது கலரில் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அண்ணன் மகன் அமெரிக்காவிலிருந்து முதல் சீசன் பெட்டியைக் கொண்டு வந்து கொடுத்தான். 2004-ல் வந்தது, மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டி. இதை எங்கள் வீட்டு பிளேயரில் போட்டால் ரீஜன் தப்பு என்று எழுத்து வருகிறது, அதற்கு மேல் ஓடவில்லை. வேறு பிளேயர் வாங்க வேண்டுமா? மீதி இரண்டு சீசனுக்கும் இதே 2004 பெட்டியைத் தேடவா, இல்லை ரீமாஸ்டர் என்று போட்டிருக்கும் பிந்தைய பதிப்பை வாங்கவா? அப்புறம், எந்த வரிசையில் பார்த்தால் நல்லது? வட்டில் இருக்கிற வரிசைக்கும், எடுத்த வரிசைக்கும் வித்தியாசம் உண்டு என்று படித்தேன். இந்த முறை என் பேத்தியும் கூட உட்கார்ந்து பார்க்கப் போகிறாள், அதனால்தான் இவ்வளவு கேட்கிறேன்.


டவுன்ஹால்ரோடு_மெக்கானிக்:

அண்ணே, வேறு பிளேயர் வாங்க அவசரப்பட வேண்டாம். வீட்டு டிவிடிக்கு உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவும் கனடாவும் 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, இந்தியா 5. உங்கள் வட்டு 1, பிளேயர் 5, அவ்வளவுதான் சண்டை. பல மாடல்களில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ரிமோட்டில் சில எண்களை அழுத்தினால் மறைந்திருக்கிற மெனு ஒன்று வரும், அதில் ரீஜனை 0 என்றோ எல்லாம் என்றோ மாற்றி வைத்தால் எந்த நாட்டு வட்டும் ஓடும். எண்கள் மாடலுக்கு மாடல் வேறுபடும். பிளேயரின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் டிரைவில் மட்டும் கவனம். அதில் ரீஜனை ஐந்து தடவைதான் மாற்ற முடியும், ஐந்தாவது தடவை எதை வைத்தீர்களோ அதிலேயே பூட்டிக்கொள்ளும். அதனால் விளையாட்டாக மாற்றிப் பார்க்காதீர்கள். இரண்டு நாட்டு வட்டும் வைத்திருக்கிறவர்கள் பழைய டிரைவ் ஒன்றை 1-க்கே ஒதுக்கிவிடுவது நல்லது.

இன்னொன்று, இதுதான் வாங்கும்போது முக்கியம். அமெரிக்க வட்டு என்டிஎஸ்சி, பிரிட்டன் வட்டு நம்மூர் மாதிரியே பிஏஎல், இரண்டும் டிவிக்குப் படம் பதிகிற வெவ்வேறு முறைகள். நம்மூருக்கு ஒத்ததுதானே என்று பலர் பிரிட்டன் பெட்டியை வாங்குகிறார்கள். இந்தத் தொடர் பிலிமில் எடுத்தது, நொடிக்கு 24 பிரேம். பிஏஎல்லுக்கு 25 வேண்டும் என்பதால் படத்தையே 4 சதவீதம் வேகமாக ஓட்டிப் பதிந்துவிடுவார்கள். 50 நிமிட எபிசோடு 48 நிமிடத்தில் முடிந்துவிடும், அதைவிட மோசம், எல்லோர் குரலும் ஒரு இழை மேலே ஏறியிருக்கும். ஸ்பாக்காக நடித்த லியோனார்ட் நிமோயின் அந்த அடித்தொண்டைக் குரலுக்காகவே பார்க்கிறவர்கள் நாம், அதை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்? உங்கள் கையில் இருக்கிற அமெரிக்கப் பெட்டிதான் சரி, மீதியையும் அதிலேயே வாங்குங்கள். இப்போதைய எல்சிடி, எல்இடி டிவிகளில் என்டிஎஸ்சி தாராளமாக ஓடும்.

டிவியில் படத்தின் அளவை 4:3 என்று வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பு இருக்கத்தான் செய்யும், இருக்கட்டும். இழுத்துப் பரப்பினால் என்டர்பிரைஸ் கப்பலின் வட்டத் தட்டு முட்டை வடிவமாகிவிடும்.


ஒன்பதாவது_கோள்:

பதிப்பு பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. 2004 பெட்டிகளையே தேடி வாங்குங்கள். இரண்டாம் சீசன் நீலம், மூன்றாம் சீசன் சிவப்பு.

காரணம் இது. 2006-ல் தொடங்கி இந்தத் தொடரின் பிலிமைச் சுத்தம் செய்து புதுப்பித்தார்கள், அது வரைக்கும் அருமையான வேலை. ஆனால் அதோடு நிற்காமல் விண்கலம், கிரகம், வெடிப்பு என்று வெளியே தெரிகிற காட்சிகளையெல்லாம் எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் வரைந்த புதுக் காட்சிகளை வைத்தார்கள். தொடக்க இசையைக்கூடத் திரும்ப வாசித்துப் பதிந்தார்கள். பிறகு வந்த ரீமாஸ்டர் டிவிடிகளில் இந்தப் புதுக் காட்சிகள் மட்டும்தான் இருக்கின்றன, பழையதைத் தேர்ந்தெடுக்கவே வழி இல்லை. இணையத்தில் இப்போது பெரும்பாலும் ஓடுவதும் அதுதான். கல்தூணில் இருக்கிற சிற்பத்துக்கு எனாமல் பெயின்ட் அடித்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் எனக்கு இருக்கிறது. நேர்த்தியாகத்தான் அடித்திருக்கிறார்கள், ஆனால் அந்த உளி தெரியவில்லை.

அந்தக் காலத்து ஆட்கள் கையில் காசில்லாமல் செய்த வேலையைப் பார்க்கத்தானே நாம் இந்தத் தொடருக்குத் திரும்பத் திரும்பப் போகிறோம். ஆட்களைக் கரைத்து அனுப்புகிற அந்த யோசனையே, வாராவாரம் ஒரு கிரகத்தில் கப்பலை இறக்கிக் காட்டப் பணம் இல்லாததால் வந்தது. அந்த மினுமினுப்பு அலுமினியத் தூளை ஒளியில் கொட்டவிட்டுப் படம்பிடித்தது. இரண்டாம் சீசனில் டூம்ஸ்டே மெஷின் என்று ஒரு எபிசோடு, அதில் சிதைந்த கப்பல் ஒன்று மிதந்து வரும், பெயர் கான்ஸ்டலேஷன். அதற்கென்று தனி மாடல் செய்யவில்லை. கடையில் பிள்ளைகளுக்கு விற்கிற என்டர்பிரைஸ் பிளாஸ்டிக் பொம்மை செட்டை வாங்கிப் பொசுக்கி உடைத்து, அதோடு வந்த 1701 என்ற என்டர்பிரைஸ் எண் ஒட்டுப்படத்தையே இடம் மாற்றி 1017 என்று ஒட்டிவிட்டார்கள். அந்த எண்ணைத் திரையில் தேடிக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அந்தப் பொம்மையே திரையில் இல்லாதபோது அது எப்படிக் கிடைக்கும்? என்டர்பிரைஸுக்குச் செய்த 11 அடி மாடல் இன்றும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1974-ல் கொடுத்தது, 2016-ல் சீர்செய்து திரும்பக் காட்சிக்கு வைத்தார்கள். அருங்காட்சியகத்தில் வைத்துக் காப்பாற்றுகிற பொருளைப் படத்திலிருந்து மட்டும் எதற்கு எடுக்க வேண்டும்?

ப்ளூ ரே பிளேயர் வைத்திருந்தால் கதை வேறு. 2009-ல் வந்த ப்ளூ ரேயில் பழைய காட்சி, புதுக் காட்சி இரண்டும் உண்டு, மெனுவில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். சுத்தம் செய்த பிலிமில் பழைய மாடல்களைப் பார்ப்பது உண்மையிலேயே ஒரு தனி அனுபவம், வசதி இருந்தால் அதுதான் முதல். டிவிடி என்றால் 2004 மட்டுமே. முதல் சீசனுக்கு 2007-ல் வந்த ஒரு பெட்டி இருக்கிறது, ஒரு பக்கம் ப்ளூ ரேக்குப் போட்டியாக வந்த எச்டி டிவிடி, திருப்பினால் சாதா டிவிடி. எச்டி டிவிடி அடுத்த வருடமே நின்றுபோனது, இரண்டு பக்கமும் தகவல் இருப்பதால் கீறலும் சீக்கிரம் விழும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.


உசிலம்பட்டி_டீச்சர்:

ஒன்பதாவது கோள் தம்பி சொல்வதை மதிக்கிறேன், ஆனால் பிள்ளைகளோடு பார்க்கும்போது அப்படிக் கறாராக இருக்க வேண்டியதில்லை. என் மகள் புதுக் காட்சிகளோடுதான் முதலில் பார்த்தாள், அதில் பிடித்துப்போய்த்தான் பழையதை எப்படி எடுத்தார்கள் என்று கேட்க ஆரம்பித்தாள். அவளைப் பிடித்து இழுத்தது கப்பல் இல்லை, கதை. முதல் சீசனில் வருகிற பேலன்ஸ் ஆஃப் டெரர் எபிசோடு முடிந்ததும் அந்த எதிரித் தளபதி ஏன் இவ்வளவு நல்லவராக இருக்கிறார் என்று கேட்டாள். எந்தக் காட்சியை மாற்றினாலும் அந்தக் கேள்வி மாறாது.

வரிசைக்கு வருகிறேன் ஐயா. உங்கள் 2004 பெட்டி ஒளிபரப்பான தேதி வரிசையில் இருக்கிறது. முதலில் த மேன் டிராப், 1966 செப்டம்பர் 8. பாத்திரங்கள் யாரென்று தெரியாத பிள்ளைக்கு அது நல்ல தொடக்கம் இல்லை, உப்பை உறிஞ்சுகிற ஒரு பிராணி வந்து ஆட்களைக் கொல்கிற கதை. மூன்றாவதாக வருகிற வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோரில் திடீரென்று சட்டை வேறு மாதிரி இருக்கும், மெக்காய் இருக்க மாட்டார், தகவல் தொடர்பு பார்க்கிற உஹுரா இருக்க மாட்டார், வழக்கமாகக் கப்பல் ஓட்டுகிற சுலு இயற்பியல் துறையில் இருப்பார். ஏனென்றால் கிர்க் வருகிற எபிசோடுகளில் உண்மையில் அதுதான் முதலில் எடுத்தது. அதை முதலில் போட்டுவிட்டு, அடுத்து த கார்போமைட் மனூவர், அதற்குப் பிறகு பெட்டியில் இருக்கிறபடி போனால் போதும். 1999 முதல் 2001 வரை வட்டுக்கு இரண்டு எபிசோடாக 40 வட்டு தனித்தனியாக வந்தன, அவை எடுத்த வரிசையில்தான் வந்தன. ஆனால் அவற்றைச் சேர்த்து முடிப்பது பெரிய பாடு.

த கேஜ் என்று கிர்க்கே இல்லாத முதல் முயற்சி ஒன்று உண்டு, அது மூன்றாம் சீசன் பெட்டியில் கடைசியில் இருக்கும். அதை முன்னாலேயே பார்த்துவிட வேண்டாம். அதை வெட்டி ஒட்டித்தான் த மினாஜரி என்ற இரண்டு பாகக் கதையை முதல் சீசனில் செய்தார்கள், முதலில் த மினாஜரியைப் பார்த்தால்தான் அந்தக் கதையின் மர்மம் நிற்கும்.

பேத்திக்கு இன்னொரு யோசனை. பேலன்ஸ் ஆஃப் டெரரில் எதிரித் தளபதியாக வருகிற மார்க் லெனார்ட்தான் இரண்டாம் சீசனில் ஜர்னி டு பேபல் எபிசோடில் ஸ்பாக்கின் அப்பாவாக வருகிறார். சொல்லாமல் இரண்டையும் காட்டுங்கள், கண்டுபிடிக்கிறாளா பார்ப்போம். இங்கிலீஷ் எழுத்தைக் கீழே ஓடவிடுங்கள், வேகமான பேச்சு என்பதால் அது பெரிய உதவி. சில எபிசோடுகளில், பிந்தைய ஸ்டார் டிரெக் தொடர்களில் வேலை பார்த்த மைக்கேல் ஒகுடா, டெனிஸ் ஒகுடா இருவரும் எழுதிய குறிப்புகளும் எழுத்தாக ஓடும், இரண்டாவது தடவை பார்க்கும்போது அதைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த அரங்கைத் திரும்பப் பயன்படுத்தினார்கள், எங்கே என்ன தவறு என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார்கள்.


ஒன்பதாவது_கோள்:

டீச்சர் சொன்ன வரிசை எனக்கும் சம்மதம். மேன் டிராப்பைத் தள்ளிவைக்கலாம், விட்டுவிட வேண்டாம், மெக்காயைப் புரிந்துகொள்ள அது தேவை. அதே மாதிரி மூன்றாம் சீசன் மட்டம் என்று யாராவது சொன்னால் வாங்காமல் இருந்துவிடாதீர்கள். தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் ரசிகர்கள் கடிதம் கடிதமாக எழுதி அனுப்பித்தான் அந்த சீசன் கிடைத்தது. கிடைத்த பிறகு வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தூக்கிப் போட்டார்கள், பணத்தையும் குறைத்தார்கள், பலவீனமான எபிசோடுகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் த என்டர்பிரைஸ் இன்சிடென்ட், த தோலியன் வெப், ஆல் அவர் யெஸ்டர்டேஸ் மூன்றுக்காகவே அந்தச் சிவப்புப் பெட்டி வேண்டும்.


வைகைக்கரை_வாசகன்:

யாரும் பத்திரப்படுத்துவது பற்றிச் சொல்லவில்லை. நம்மூர் சித்திரை வெயிலில் பரணும், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையும் டிவிடிக்கு ஆகாது. கீழ்த்தளத்தில், வெளிச்சுவரை ஒட்டாத பீரோவில், புத்தகம் மாதிரி நிற்க வையுங்கள். அடுக்கிப் படுக்க வைத்தால் நாளடைவில் வளைந்துபோகும். பாச்சை உருண்டை போடவே போடாதீர்கள், அந்த ஆவி சிலவகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.

பழைய பெட்டி வாங்கினால் ஒவ்வொரு வட்டையும் வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடு ஓட்டையைச் சுற்றி விரிசல் இருந்தால் வாங்க வேண்டாம். இறுக்கமாகப் பிடித்திருக்கிற வட்டை ஓரத்தைப் பிடித்து வளைத்து எடுப்பதால்தான் அந்த விரிசல் வருகிறது. நடுவில் இருக்கிற பிடியை விரலால் அழுத்தினால் தானாக மேலே வரும். தூசி இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகச் சுற்றித் துடைக்கக் கூடாது. சுற்றிப் போகிற கீறல் தடத்தோடு சேர்ந்து நீளமாக ஓடும், பிளேயரால் அதைச் சமாளிக்க முடியாது, குறுக்கே விழுகிற கீறலை எளிதில் தாண்டிவிடும். பிடிவாதமான கறைக்குச் சோப்பு கலந்த தண்ணீர் போதும், தின்னர் வேண்டவே வேண்டாம்.

சில வட்டுகள் ஓடும்போது ஒரு நொடி படம் அப்படியே நிற்கும். பயப்பட வேண்டாம், இரண்டு அடுக்கு வட்டில் லென்ஸ் ஒரு அடுக்கிலிருந்து அடுத்ததுக்கு மாறுகிற இடம் அது.


திருநகர்_வானொலி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ரிமோட் மெனுவைத் தேடிப் பார்த்தேன், திறக்கவில்லை, அதனால் பிளேயரின் மாடல் எண்ணைப் படம் எடுத்துத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன் மெக்கானிக் தம்பி, நேரம் கிடைக்கும்போது பாருங்கள். மீதி இரண்டும் 2004 அமெரிக்கப் பதிப்பே என்று முடிவு செய்துவிட்டேன், அந்த 1017-ஐ நான் பார்த்தே ஆக வேண்டும். டீச்சரம்மா, வரிசையைத் தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன், பேத்திக்கு மார்க் லெனார்ட் விஷயத்தைச் சொல்லப்போவதில்லை. நீலப் பெட்டியோ சிவப்புப் பெட்டியோ மதுரைக்குள் யாரிடமாவது கூடுதலாக இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து வெளிச்சத்தில் பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.