குளிசையைக் கரைத்துக் கொடுக்கிறேன்: பிள்ளைகளுக்கென்று மருந்து ஏன் இல்லை?

வெள்ளவத்தைத் தாய்:
மகளுக்கு மூன்று வயது, எடை 12 கிலோ. இதயம் பலவீனம் என்று எனலாப்ரில் எழுதியிருக்கிறார்கள். மருந்தாளர் சொல்லித் தந்தபடி 5 மில்லிகிராம் குளிசை ஒன்றை 10 மில்லிலீற்றர் கொதித்தாறிய நீரில் கலக்கி, சிரிஞ்சினால் 2 மில்லிலீற்றர் எடுத்துக் கொடுக்கிறேன். மிச்சத்தைக் கொட்டிவிடுகிறேன். அடியில் வெண்பொடி படிந்து நிற்பதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. உள்ளே போனது ஒரு மில்லிகிராமா, பாதியா? பொரளையில் இவ்வளவு பெரிய சிறுவர் வைத்தியசாலை இருக்கிறதே, பிள்ளைகளுக்கு ஏற்ற மருந்தை அங்கேயே பரிசோதித்து முடிக்க முடியாதா?

தெஹிவளை வாசகி:
அக்கா, உங்கள் கவலை விளங்குகிறது. ஆனால் பச்சைப் பிள்ளைகளில் மருந்தைப் பரிசோதிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பெரியவர்களில் பார்த்துவிட்டு அளவைக் குறைத்துக் கொடுத்தால் போதாதா?

சிறுவர் விடுதி மருந்தாளர்:
போதாது, தங்கச்சி. அப்படி நம்பித்தான் 1950களில் பச்சிளம் குழந்தைகளுக்குக் குளோரம்பெனிகோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்தார்கள். அதைக் கழிக்கும் பக்குவம் பச்சிளம் ஈரலுக்கு இல்லை. உடல் சாம்பல் நிறமாகிக் குழந்தைகள் இறந்தார்கள். இன்றும் விடுதிகளில் கொடுக்கும் பல மருந்துகளுக்குப் பிள்ளைகளில் அளவு பார்த்த ஆய்வு இல்லை. ஏதும் நடந்தால் அது அந்தப் பிள்ளையின் கோப்பிலேயே கிடக்கும், பக்கத்து வைத்தியசாலைக்குத் தெரியாது. இது எனக்கு ஆறாத கோபம்.

அக்கா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எவ்வளவு பெரிய வைத்தியசாலையானாலும் ஒரே நோய், ஒரே வயது என்று பார்த்தால் பிள்ளைகள் கொஞ்சப் பேர்தான் தேறுவார்கள். அதனால் பல இடங்கள் கைகோக்க வேண்டும். உங்கள் மகளின் மருந்தையே பாருங்கள். ஒஸ்திரியா, ஜேர்மனி, ஹங்கேரி, நெதர்லாந்து, சேர்பியா ஆகிய நாடுகளின் வைத்தியசாலைகள் சேர்ந்துதான் எனலாப்ரிலை வாயில் கரையும் சின்னக் குளிசையாகப் பிள்ளைகளில் சோதித்தன. எள்ளளவுதான் இருக்கும். அதில் 0.25 மில்லிகிராம் குளிசைக்கு 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி கொடுத்தது. காசநோய் கடுமையாக இல்லாத பிள்ளைகளுக்கு 6 மாதத்துக்குப் பதில் 4 மாத மருந்து போதும் என்பதும் அப்படித்தான் தெரியவந்தது. உகண்டா, சாம்பியா, தென்னாபிரிக்கா, இந்தியா என நான்கு நாடுகள், 1204 பிள்ளைகள். முடிவு 2022இல் வெளியானது. சென்னையும் அதில் ஒரு நிலையம்.

இதைத் தாங்குவது சின்னச் சின்ன வேலைகள். எல்லா இடத்திலும் ஒரே நெறிமுறை, ஒரே படிவம், ஒரே முறையில் சரிபார்த்த தராசு, இரத்தம் எடுத்த நேரத்தை நிமிடம் பிசகாமல் எழுதும் தாதி. ஆய்வு முடிந்ததும் அந்தத் தாதியை அனுப்பிவிட்டால் அடுத்த ஆய்வை அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். ஐரோப்பாவில் 2018இல் தொடங்கிய ‘கனெக்ட் ஃபோர் சில்ட்ரன்’ என்ற சிறுவர் மருந்தாய்வு வலையமைப்பு நாட்டுக்கொரு இணைப்பு மையம் வைத்தது இதனால்தான்.

நமக்கும் அடித்தளம் இருக்கிறது. இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் மருத்துவ ஆய்வுப் பதிவகம் 2006இலிருந்து இயங்குகிறது. 8 நாடுகளில் 20,000 அளவிலான பிள்ளைகளில் நடந்த டெங்குத் தடுப்பூசி ஆய்வில் இலங்கைப் பிள்ளைகளும் இருந்தார்கள். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு எல்லாம் நிரந்தரமாக ஒரே வலையில் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

மட்டக்களப்புத் தாதி:
நான் ஆய்வுத் தாதியாக வேலை செய்தவள். தெஹிவளைத் தங்கச்சிக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வுக்கென்று தனியாக ஊசி குத்துவதை முடிந்தவரை தவிர்ப்போம். வழமையான இரத்தப் பரிசோதனையின்போதே சில துளிகள் சேர்த்து எடுப்போம். பெற்றோரின் சம்மதம் கட்டாயம். விவரம் தெரிந்த பிள்ளையிடமும் கேட்போம், மாட்டேன் என்று தலையாட்டினால் அத்தோடு விட்டுவிடுவோம். கொழும்பில் திட்டம் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: வாகரையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்க்கு பஸ் காசும் இழந்த நாட்கூலியும் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் திரும்ப வரமாட்டார்.

வெள்ளவத்தைத் தாய்:
இருவருக்கும் நன்றி. அந்தச் சின்னக் குளிசை கையில் கிடைக்கும்வரை நான் என்ன செய்வது?

சிறுவர் விடுதி மருந்தாளர்:
அடுத்த கிளினிக்கில் உங்கள் இதயநோய் வைத்தியரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். நீங்களாக அளவை மாற்ற வேண்டாம். பொடி படிய விடாமல் நன்றாகக் கலக்கி, கலங்கி இருக்கும்போதே சிரிஞ்சில் எடுங்கள். மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்காமல் கொட்டுவது சரிதான். ஒருமுறை மருந்தாளர் முன்னால் நீங்களே கலக்கிக் காட்டுங்கள். பிசகு இருந்தால் அவர் திருத்துவார்.