மழைக்காலத்துல லைன் அறுந்தா க்ளஸ்டர்ல என்ன நடக்குது? உங்க அனுபவத்தைப் போடுங்க

மன்னார்குடிக்காரன்:

ஐப்பசி மழையில வீட்டிலேர்ந்து குபெர்னெடிஸ் (பல மெஷினை ஒரே க்ளஸ்டராச் சேர்த்து ஆப்களை ஓட்டுற மென்பொருள்) பார்க்கிறவங்களுக்கு இது பழகினதுதான். கரண்ட் போகும், யூபிஎஸ் கத்தும், ஃபைபர் மோடத்துல சிவப்பு விளக்கு எரியும், போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறணும். அப்படி ஒரு ராத்திரி, கெர்னல் அப்டேட்டுக்காக ஒரு நோடுக்கு (க்ளஸ்டர்ல ஒரு மெஷின்) க்யூப்சிடிஎல் டிரெய்ன் கொடுத்திருந்தேன், அதாவது அதுல ஓடுற பாட்களை (ஆப் கன்டெய்னர்களை) காலி பண்ணச் சொல்ற கமாண்ட். பாட் ஒவ்வொண்ணா வெளியேறிக்கிட்டு இருக்கும்போதே லைன் போச்சு. கிளையன்ட் போன்ல கூப்பிட்டு, "பாதியில நிக்குதா?"ன்னு கேட்டாங்க.

நின்னுதான் இருந்துச்சு. டிரெய்ன் க்ளஸ்டர் தானா செய்யிற வேலை இல்ல. முதல்ல அந்த நோடுக்குப் புதுப் பாட் வராம கார்டன்னு ஒரு தடுப்புப் போடும். அது ஏபிஐ சர்வர்ல (க்ளஸ்டருக்கு வர்ற கமாண்டையெல்லாம் வாங்குற இடம்) பதிஞ்சிடும். அப்புறம் இந்தப் பாடை எடு, அந்தப் பாடை எடுன்னு கேட்டுக்கிட்டே இருக்கிறது நம்ம லேப்டாப்புல ஓடுற கமாண்டுதான். லைன் போனா கேட்க ஆள் இல்ல. ஹாட்ஸ்பாட்ல உள்ள போய் கெட் நோட்ஸ் அடிச்சா, 'ரெடி, ஷெட்யூலிங் டிஸேபிள்ட்'னு காட்டுது. மிச்சப் பாட் எல்லாம் அதே நோடுல சமர்த்தா ஓடுது. அதே டிரெய்னை அதே ஃபிளாக்குகளோட திரும்பக் கொடுத்தேன், மிச்சத்தை வெளியேத்துச்சு. அப்டேட் முடிஞ்சதும் அன்கார்டன் போட்டு அந்தத் தடுப்பை எடுத்தேன்.

ஆப்போட புது அமைப்பை அனுப்புற அப்ளை கமாண்ட் அப்படி இல்ல. மேட்டூர்ல ஷட்டரைத் தூக்கிட்டா, தூக்கினவர் வீட்டுக்குப் போனாலும் தண்ணி கல்லணைக்கு வந்துடும்ல? ஏபிஐ சர்வர் ஒருதடவை வாங்கிக்கிட்டா க்ளஸ்டருக்குள்ளேயே ஓடுற டெப்ளாய்மென்ட் கன்ட்ரோலர் மீதியைப் பார்த்துக்கும். ரோல்அவுட் ஸ்டேட்டஸ் சும்மா வேடிக்கை பார்க்கிற கமாண்ட், அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும்.

குடந்தை:

அண்ணே, எனக்கு இந்தத் தொல்லையே வேணாம்னு எல்லாத்தையும் பாஸ்டியன் மெஷின்ல (க்ளஸ்டருக்குள்ள போக வாசலா இருக்கிற சர்வர்) டிமக்ஸுக்குள்ள (நம்ம லைன் அறுந்தாலும் கமாண்டை ஓட விடுற கருவி) ஓட்டுறேன். இங்க கரண்ட் போனாலும் அங்க டிரெய்ன் ஓடிக்கிட்டே இருக்கும், வந்து அட்டாச் பண்ணிக்கலாம். க்ளஸ்டருக்குள்ள போற சாவியான குப்கான்ஃபிக் ஃபைலும் லேப்டாப்புல கிடக்காது, அது தனி நிம்மதி.

திருத்துறைப்பூண்டி:

எங்களுக்கு வந்தது லைன் பிரச்சினை மாதிரி வேஷம் போட்டு வந்த வேற பிரச்சினை. ஒருநாள் காலையில எந்த கமாண்ட் அடிச்சாலும் எக்ஸ்509னு சான்றிதழ் எரர். மழை பெஞ்சதால எல்லாரும் விபிஎன்னைத் திட்டினாங்க. ஆனா ஏபிஐ சர்வரோட 6443 போர்ட் நல்லாத் திறந்திருக்கு. எரரைக் கடைசி வரைக்கும் படிச்சா, சான்றிதழ் காலாவதி! க்யூப்அட்மின்ங்கிற கருவியால கட்டின க்ளஸ்டர், அது போடுற கிளையன்ட், சர்வர் சான்றிதழுக்கு ஆயுசு ஒரு வருஷம். கட்டினவர் எப்பவோ வேலையை விட்டுப் போயாச்சு, வெர்ஷன் அப்கிரேட் பண்ணியிருந்தாலாவது தானா புதுப்பிச்சிருக்கும், அதையும் யாரும் பண்ணல.

வேடிக்கை என்னன்னா, ஆப் எல்லாம் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஏபிஐ சர்வரோட பேச முடியலைன்னாலும் ஏற்கெனவே ஓடுற கன்டெய்னரை, ஒவ்வொரு நோடுலயும் அதைப் பார்த்துக்கிற க்யூப்லெட் கொல்லாது. அதனால பதட்டமில்லாம க்ளஸ்டரை நிர்வகிக்கிற கன்ட்ரோல் பிளேன் மெஷினுக்குள்ள எஸ்எஸ்ஹெச்ல போய், க்யூப்அட்மின்ல செர்ட்ஸ் செக் எக்ஸ்பிரேஷன் போட்டுக் காலாவதியைப் பார்த்தோம், அப்புறம் ரின்யூ ஆல் போட்டு எல்லாத்தையும் புதுப்பிச்சோம். அதோட முடியல, ஏபிஐ சர்வர், கன்ட்ரோலர் மேனேஜர், ஷெட்யூலர், எட்சிடி நாலும் புதுச் சான்றிதழை எடுக்க அதுங்களை ஓட்டச் சொல்ற மேனிஃபெஸ்ட் ஃபைல்களை வெளிய நகர்த்தி, கொஞ்சம் பொறுத்துத் திரும்ப வச்சோம். பழைய அட்மின் கான்ஃபிக்கை லேப்டாப்புல வச்சிருந்தவங்க மட்டும் மத்தியானம் வரைக்கும் "இன்னும் வரலையே"ன்னு போன் போட்டாங்க. புது ஃபைலை காப்பி பண்ணிக் கொடுத்ததும் அடங்கிட்டாங்க.

மயிலாடுதுறை:

க்யூப்சிடிஎல் சிபி-ல (ஃபைல் காப்பி பண்ற கமாண்ட்) டேட்டாபேஸ் டம்ப் இறக்கும்போது லைன் அறுந்தா? எனக்கு எப்பவும் பாதி ஃபைல்தான் வருது.

மன்னார்குடிக்காரன்:

சிபிக்கு ரீட்ரைஸ்னு ஒரு ஃபிளாக் இருக்கு, பாட்லேர்ந்து இறக்கும்போது விட்ட இடத்துலேர்ந்து எடுக்கும். பெரிய டம்ப்னா பாட் உள்ளேயே ஸ்பிளிட் போட்டுத் துண்டு துண்டா இறக்குங்க, கடைசியில ஃபைல் முழுசா வந்துச்சான்னு ரெண்டு பக்கமும் எஸ்ஹெச்ஏ256 செக்சம் சரிபாருங்க. லாக் பார்க்கிறப்போ அறுந்தா சின்ஸ் ஃபிளாக்ல பத்து நிமிஷம்னு கொடுத்தா விட்டுப்போனதும் சேர்ந்து வரும்.

குடந்தைத் தம்பி, டிமக்ஸ் நல்ல வழிதான். எங்க கிளையன்ட் பாஸ்டியன் தரமாட்டேன்னு நிக்கிறாங்க, விபிஎன் மட்டும்தான். கேட்டுக்கிட்டே இருக்கேன்.