கிடாக்குட்டிக்குக் காயடிக்க மரத்துப்போகும் ஊசி எதற்கு?

செங்குன்றம் ஆட்டுக்காரன்: நேற்று நான்கு குட்டிகளுக்குக் காயடித்தோம். தோலை வெட்டாமல் விதைக்குப் போகும் குழாயை நசுக்கும் பர்டிசோ இடுக்கியால் ஒரே நசுக்கு, சொட்டு இரத்தம் வரவில்லை. வேடிக்கை பார்த்த ஒருவர் "ஊசி போடாமலா?" என்று முகம் சுளித்தார். மறுநாள் காலையிலேயே தழை தின்கிற குட்டிக்கு ஊசி ஒரு கேடா?

வேப்பேரி மாணவி: மறுநாள் இருக்கட்டும் அண்ணா, அன்று மாலை பட்டிக்குள் போய்ப் பார்த்தீர்களா? பின்னங்காலை அகட்டி நிற்கும். படுக்கும், எழும், உடனே மறுபடி படுக்கும். இடுக்கி நசுக்குவது இரத்தக் குழாயை மட்டுமல்ல, கூடவே ஓடும் நரம்பையும்தான். ஓடித் தப்ப வேண்டிய பிராணி வலியை எளிதில் வெளியே காட்டாது.

கொளத்தூர் பால்காரர்: 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவைப் படியுங்கள், அம்மா. கொம்பு நீக்குவது, காயடிப்பது, சூடு போடுவது, மூக்கணாங்கயிறு குத்துவது எதுவும் வதையில் சேராது என்று விலக்கு கொடுத்திருக்கிறார்கள்.

வேப்பேரி மாணவி: அதே வரியில் "விதிக்கப்பட்ட முறையில்" என்றும் இருக்கிறது, ஐயா. அதை விட்டுவிட்டீர்கள்.

கொளத்தூர் பால்காரர்: சரி, ஊசியால் வந்த வினையையும் கேளுங்கள். என் உறவினர் வீட்டுக் குட்டிக்குக் கொம்புக் குருத்தைச் சுடுமுன் யாரோ ஊசி போட்டார். கை கால் இழுத்துக்கொண்டு செத்தது. வலி பரவாயில்லை என்று தோன்றியது.

வேப்பேரி மாணவி: கணக்குத் தப்பியிருக்கும். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஐந்து கிலோ குட்டிக்கு 25 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் இருக்கும்; ஆக அது ஒன்றேகால் மில்லிலிட்டர்தான். மாட்டுக்குப் போடுகிற நினைப்பில் ஐந்து மில்லிலிட்டர் ஏற்றினால் நான்கு மடங்கு! இதனால்தான் டாக்டர் போட வேண்டும் என்கிறோம். அதுவும் ஒன்றிரண்டு மணி நேரமே தாங்கும், பிறகு வலி திரும்பும். ஆகவே கூடவே மெலாக்சிகாம் என்ற வலி நிவாரணி. இன்னொரு வலி நிவாரணியான டைக்ளோஃபெனாக் வேண்டாம்; அது ஏறிய கால்நடைகளின் பிணம் தின்ற பாறு கழுகுகள் செத்ததால் கால்நடைகளுக்கு அதை 2006இலேயே தடை செய்துவிட்டார்கள். நீலகிரிப் பக்கம் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகளாவது பிழைக்கட்டும்.

செங்குன்றம் ஆட்டுக்காரன்: மரத்துப்போக ஐந்து நிமிடமாவது ஆகுமே. அடுத்த வாரம் ஆறு குட்டிகள். அதுவரை யார் பிடித்துக்கொண்டு நிற்பது?

வேப்பேரி மாணவி: டாக்டரை வரிசையாக ஊசி போடச் சொல்லி விட்டுவிடுங்கள். ஆறாவதற்குப் போட்டு முடிப்பதற்குள் முதல் குட்டி தயாராகிவிடும். நெற்றியில் சாயத்தால் எண் போட்டால் குழப்பம் வராது.

செங்குன்றம் ஆட்டுக்காரன்: சாயம் இருக்கிறது. டாக்டரின் வண்டிச் செலவைப் பற்றித்தான் இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.