மறு: ‘மரபணு ஆபத்துக் காரணி’க்குப் பதில் ‘மரபுவாகு’?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் genetic risk factor என்பதை ‘மரபணு ஆபத்துக் காரணி’ என்று எழுதாமல் ‘மரபுவாகு’ என்று எழுதலாம் என்று சொல்லியிருந்தேன். ‘ஆபத்துக் காரணி’ பழகிப்போன சொல்தானே, எதற்கு மாற்றுகிறீர்கள் என்று நேற்றைய மடலில் குழு நண்பர் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். பழகியதுதான். ஆனால் போன மாதம் இங்கே பெங்களூரில், பைபாஸுக்குத் தேதி குறித்திருந்த எங்கள் அல்சூர்ச் சித்தப்பாவுக்கு நான் தமிழாக்கிய தாளை வாசித்துக் காட்டினேன். ‘நுரையீரல் சிக்கலுக்கான மரபணு ஆபத்துக் காரணிகள்’ என்ற வரி வந்ததும், “அப்போ இது எங்கப்பா கொடுத்த வியாதியா?” என்றார். கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். மீதியை நான் சுவருக்குத்தான் வாசித்தேன்.

காரணி என்று எழுதினால் காதில் காரணம் என்றுதான் விழுகிறது. (12க்கு 3 காரணி, 4 காரணி என்று படித்த பிள்ளைகளுக்கு அது வேறு குழப்பம்.)

நடப்பது என்ன? பைபாஸ் நடக்கும்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் பார்க்கும் இதய நுரையீரல் எந்திரத்தின் குழாய்களில் ரத்தம் சுற்றும்போது அழற்சி கிளம்புகிறது. வெள்ளணுக்கள் நுரையீரலில் போய்க் குவிகின்றன, நுண்குழாய்கள் கசிகின்றன, காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்கிறது. கிளப்பிவிடுவது எந்திரமும் அறுவையும். அந்த அழற்சியை ஒருவர் உடம்பு எவ்வளவு பெரிதாக்கும் என்பதில்தான் மரபணுவுக்குப் பங்கு. அழற்சியைத் தூண்டும் புரதங்களில் ஒன்றான இன்டர்லூக்கின்-6க்கு உரிய மரபணுவின் முகப்பில் 174ஆம் இடத்தில் இருக்கும் டிஎன்ஏ எழுத்து G-யா, C-யா என்று பார்த்தார்கள். சில ஆய்வுகளில் நுரையீரல் சிக்கலோடு தொடர்பு தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. இதைப் போய்க் காரணம் என்பதா?

‘அவனுக்குச் சளி பிடிக்கிற உடல்வாகு’ என்கிறோம். கேட்பவர் பதறுவதில்லை, இப்போதே சளி இருக்கிறது என்று நினைப்பதுமில்லை. அந்த வாகுதான் எனக்கு வேண்டும்: மரபுவாகு.

‘வாத உடல்வாகு’ என்று சித்த மருத்துவத்தில் புழங்குகிறதே, குழம்பாதா என்றால், ‘மரபு’ ஒட்டிக்கொண்டிருக்கும் வரை குழம்பாது. புகைப்பழக்கம், வயது, எந்திரத்தில் இருந்த நேரம் இவற்றை வாகு என்று சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அவற்றுக்கு ‘இடர்க்கூறு’ போதும். ‘புகைப்பழக்கம் ஓர் இடர்க்கூறு, சிலருக்கு மரபுவாகும் சேர்ந்துகொள்ளும்.’ வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், தடுக்கவில்லை.

அப்புறம், ஒரே மரபணுவின் மாற்று வடிவமான அல்லீலுக்கு ‘எதிருரு’ என்பதிலும் அந்த ‘எதிர்’ எனக்கு இடிக்கிறது. அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.