டேலியை ஆர்டர் ஆப்போடு இணைக்க ரூட்டரில் 9000 போர்ட்டைத் திறக்கச் சொல்கிறார்கள், திறக்கலாமா?

டவுன்_கணக்கு

வணக்கம். திருநெல்வேலி டவுனில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. லைனுக்குப் போகிற பையன்கள் அம்பாசமுத்திரம், ஆலங்குளம், வள்ளியூர் பக்கமெல்லாம் கடை கடையாக ஏறி நோட்டில் ஆர்டர் எழுதி வருவார்கள், சாயங்காலம் அதை உட்கார்ந்து டேலி பிரைம் கணக்கு மென்பொருளில் ஏற்றுவது என் வேலை. இப்போது முதலாளி அண்ணாச்சி ஒரு மொபைல் ஆப்புக்குப் பேசி முடித்துவிட்டார். பையன் கடையில் நின்றே ஆர்டர் போட்டால் அது நேராக டேலிக்கு வந்துவிட வேண்டும், அந்தக் கடையின் பாக்கி எவ்வளவு என்பதும் போனில் தெரிய வேண்டும். அண்ணாச்சி கேட்டது இவ்வளவுதான்.

ஆப் போட்டுக் கொடுப்பவர்கள் சொல்வது: டேலியில் 9000 போர்ட்டை (வேறு புரோகிராம்கள் டேலியோடு பேசும் வாசல் எண்) ஆன் செய்யுங்கள், ஸ்டாடிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்குங்கள், ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை டேலி கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடுவது) கொடுங்கள், எங்கள் சர்வர் வெளியிலிருந்து உங்கள் டேலியோடு பேசிக்கொள்ளும். எல்லாக் கடையிலும் இப்படித்தான் போட்டிருக்கிறோம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. திறந்தால் என்ன ஆபத்து, திறக்காமல் செய்ய வழி உண்டா? அப்புறம், நடப்புக் கணக்கைத் தொடாமல் இதைச் சோதித்துப் பார்ப்பது எப்படி? எங்களுடையது பிரைவேட் லிமிடெட்.

பாளை_நெட்வொர்க்

திறக்காதீர்கள் அண்ணாச்சி. மனசு ஒப்பவில்லை என்றீர்களே, அதுதான் சரி.

அந்த 9000 போர்ட் கடைக்குள் ஒரு புரோகிராமும் டேலியும் பேசிக்கொள்வதற்காக உள்ளது. எக்ஸ்எம்எல் என்ற எழுத்து வடிவத்தில் ஒரு கோரிக்கை வந்தால் டேலி பதில் சொல்லும், அவ்வளவுதான். டேலியில் கம்பெனிக் கணக்கு திறந்திருக்கும் நேரத்தில் கேட்பவர் யார் என்று அது தனியாக விசாரிப்பதில்லை, போகிற வருகிற விவரமும் மறைகுறியாக்கம் இல்லாத வெறும் எச்டிடிபி. ரூட்டரில் வாசலைத் திறந்துவிட்டால் உங்கள் ஐபியைக் கண்டுபிடிக்கிற எவனும் லெட்ஜர் பட்டியல், கடைக்காரர்களின் பாக்கி, ஜிஎஸ்டி எண் எல்லாவற்றையும் இழுத்துவிடலாம். பார்ப்பதோடு நின்றால்கூடப் பரவாயில்லை, அதே வழியில் வவுச்சர் (கணக்குப் பதிவு) போடவும் திருத்தவும் முடியும், இதுதான் பெரிய கவலை. "எங்கள் ஐபி யாருக்குத் தெரியப் போகிறது" என்று அவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். ஷோடான் மாதிரியான தேடல் தளங்கள் இணையத்தில் திறந்து கிடக்கிற போர்ட்டுகளை ஓயாமல் துழாவிப் பட்டியல் போட்டுக்கொண்டே இருக்கின்றன. போர்ட் எண்ணை 9000-லிருந்து வேறொன்றாக மாற்றினாலும் இதே கதைதான்.

சரி, மாற்று வழி. டேலி இருக்கிற கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்ன இணைப்புப் புரோகிராமை ஓட விடச் சொல்லுங்கள். அது உள்ளிருந்து வெளியே, எச்டிடிபிஎஸ்ஸில் (மறைகுறியாக்கிய எச்டிடிபி), அவர்கள் சர்வருக்குப் போய் "புது ஆர்டர் இருக்கிறதா" என்று நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்கட்டும். இருந்தால் எடுத்து வந்து லோக்கல்ஹோஸ்ட் (அதே கம்ப்யூட்டர்) 9000-இல் டேலியிடம் கொடுக்கட்டும். பாக்கி விவரமும் அப்படியே, இங்கிருந்து மேலே அனுப்பினால் போதும். வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வாசலும் வேண்டாம், ஸ்டாடிக் ஐபி செலவும் மிச்சம். ரூட்டரின் வான் (இணையம் வரும்) பக்கத்தில் 100.64 முதல் 100.127 வரை ஆரம்பிக்கிற முகவரி தெரிந்தால் உங்கள் இணைப்பு சிஜிநாட்டுக்கு (இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கும் முறை) பின்னால் இருக்கிறது, அதில் போர்ட் ஃபார்வர்டிங் கொடுத்தாலும் வேலை செய்யாது, ஆனால் இந்த முறை அங்கேயும் ஓடும்.

அவர்கள் சர்வருக்கு எச்டிடிபிஎஸ் போடத் தனிச் செலவு என்று சொன்னால் ஏற்காதீர்கள். அதற்கான லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் இலவசம், தானாகப் புதுப்பிக்கவும் வைக்கலாம்.

இன்னொன்று, கடைக்குள்ளேயும் கவனியுங்கள். சிசிடிவி பெட்டி, பையன்களின் போன், வந்துபோகிறவர்கள் கேட்டு வாங்குகிற வைஃபை எல்லாம் ஒரே ரூட்டரில்தானே இருக்கும்? இணைப்புப் புரோகிராம் அதே கம்ப்யூட்டரில் ஓடுவதால் விண்டோஸ் ஃபயர்வாலில் 9000-க்கு வெளியிலிருந்து வருவதை முழுதாக அடைத்துவிடலாம், லோக்கல்ஹோஸ்ட் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். மல்டி யூசர் என்றால் லைசென்ஸுக்கான 9999 போர்ட்டை மட்டும் தொடாதீர்கள்.

சோதிப்பது சுலபம். டேலி இருக்கிற கம்ப்யூட்டரின் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 9000 அடித்தால் டேலி பிரைம் சர்வர் ஓடுகிறது என்று ஒரே ஒரு வரி வரும். அதே கடையில் வேறு கம்ப்யூட்டரிலிருந்து, அப்புறம் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் உங்கள் வெளி ஐபியை வைத்து அடித்துப் பாருங்கள். அந்த வரி இந்த இரண்டு இடத்திலும் வரக் கூடாது.

கங்கைகொண்டான்_டெவ்

பாளைக்காரர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் சோதனைப் பக்கத்தைச் சொல்கிறேன், பலரும் இதில்தான் அவசரப்படுகிறார்கள்.

முதலில் இடம். டேலி பேக்கப்பை வேறு ஒரு கம்ப்யூட்டரில் ரிஸ்டோர் செய்து, கம்பெனி பெயரை மாற்றிவிடுங்கள், பழைய பெயரோடு "சோதனை" என்று சேர்த்தால் போதும். லைசென்ஸ் இல்லாமல் எஜுகேஷனல் மோடில் (பயிற்சிக்கான முறை) ஓட்டினாலும் ஆகும், ஆனால் அதில் 1, 2, 31 தேதிகளில்தான் வவுச்சர் விழும். ஆப் இன்றைய தேதியை அனுப்பி, டேலி மறுத்து, இணைப்பில் ஏதோ கோளாறு என்று அலைய வேண்டாம்.

எக்ஸ்எம்எல்லில் கம்பெனி பெயரைக் கட்டாயம் குறிப்பிடச் சொல்லுங்கள். குறிப்பிடாவிட்டால் அந்த நேரம் திரையில் எந்தக் கம்பெனி நிற்கிறதோ அதில் போய் விழும். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு கம்பெனி திறந்து வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாமலே நடக்கும்.

அடுத்து பதில். டேலி வவுச்சரை ஏற்காவிட்டாலும் எச்டிடிபி நிலை 200 (சரி) என்றே வரும், அதைப் பார்த்துவிட்டு ஆப் பச்சை டிக் காட்டினால் ஆர்டர் காற்றில் போய்விடும். பதில் எக்ஸ்எம்எல்லுக்குள் கிரியேட்டட் 1 என்று இருக்கிறதா, எரர்ஸ் 0 என்று இருக்கிறதா, லைன் எரர் என்று ஏதாவது வரி வந்திருக்கிறதா என்று படித்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். இதைச் சோதிக்க வேண்டுமென்றே டேலியில் இல்லாத சரக்கின் பெயரைப் போட்டு ஓர் ஆர்டர் அனுப்புங்கள். ஆப் "முடிந்தது" என்று சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள், மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

கடைப் பெயர்கள் இன்னொரு தொல்லை. நம் ஊரில் பாதிக் கடைப் பெயரில் "அண்ட் கோ", "அண்ட் சன்ஸ்" இருக்கும், லெட்ஜரில் அதை & என்று அடித்திருப்போம். எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறியை அப்படியே அனுப்பக் கூடாது, எஸ்கேப் செய்து, அதாவது & என்று மாற்றித்தான் அனுப்ப வேண்டும். பத்துக் கடைக்கு ஓடிய ஆப் பதினொன்றாவது கடையில் நிற்பது இப்படித்தான். லெட்ஜர் பெயரில் கடைசியில் ஒரு வெற்றிடம் கிடந்தாலும் பொருந்தாமல் போகலாம், ஆகவே முதலில் உங்கள் லெட்ஜர்களைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

மிக முக்கியமானது இரட்டைப் பதிவு. பாபநாசம் பக்கம் மலையடியில் டவர் போய்ப் போய் வரும். பையன் அனுப்புகிறான், ஆர்டர் சேர்ந்துவிடுகிறது, பதில் திரும்பி வருவதற்குள் சிக்னல் போய்விடுகிறது, அவன் மறுபடி அழுத்துகிறான், ஒரே கடைக்கு இரண்டு தடவை இருபது மூட்டை. ஒவ்வோர் ஆர்டருக்கும் போனிலேயே ஒரு தனி எண் உருவாகி, சர்வரும் இணைப்புப் புரோகிராமும் அந்த எண் ஏற்கெனவே வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். சோதிக்க, கோரிக்கை அனுப்பிப் பார்க்கும் போஸ்ட்மேன் புரோகிராமில் ஒரே ஆர்டரை அடுத்தடுத்துச் சில தடவை அனுப்புங்கள், டேலியில் ஒன்றுதான் விழ வேண்டும். அனுப்புகிற நடுவில் போனை ஏரோபிளேன் மோடில் போட்டும் பாருங்கள்.

ஜங்ஷன்_ஆடிட்

நான் ஆடிட்டர் ஆபீஸ் பக்கம். பிரைவேட் லிமிடெட் என்று சொன்னதால் எழுதுகிறேன்.

2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் வைத்திருக்கிற கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும், அதை அணைக்க முடியக் கூடாது என்பது விதி. டேலியின் எடிட் லாக் பதிப்பு அதற்காகத்தான். ஆகவே நடப்புக் கம்பெனியில் "சும்மா ஒரு டெஸ்ட்" என்று போட்டு அழித்தாலும் போட்டதும் அழித்ததும் தடமாக நிற்கும், ஆடிட்டில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். மேலே சொன்ன தனிக் கம்பெனி யோசனையை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, ஆப் சேல்ஸ் ஆர்டர் மட்டும் போடட்டும், பில் போட விடாதீர்கள். உங்கள் ஆண்டு வியாபாரம் 5 கோடிக்கு மேல் என்றால் ஜிஎஸ்டி எண் உள்ள கடைகளுக்குப் போடுகிற பில்லுக்கு இ-இன்வாய்ஸ் உண்டு, அதன் ஐஆர்என்னை (பில்லின் பதிவு எண்) 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும், அதற்கு அப்புறம் கிரெடிட் நோட்தான். சரக்கு இருக்கிறதா, பாக்கி வரம்பு தாண்டவில்லையா என்று ஒரு மனிதர் பார்த்துவிட்டு ஆர்டரைப் பில்லாக மாற்றுவதே நல்லது. யார் எப்போது எந்த ஆர்டர் அனுப்பினார் என்ற லாக்கை 180 நாளாவது வைத்திருங்கள், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவும் அவ்வளவு நாள்தான் கேட்கிறது.

டவுன்_கணக்கு

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஆப்காரர்களிடம் பேசினேன், இணைப்புப் புரோகிராம் முறைக்குச் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் லைன் பையன்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்ட் என்கிறார்கள். அடிக்கடி ஆள் மாறுகிற வேலை இது, அதனால் சுலபம் என்பது அவர்கள் வாதம்.

பாளை_நெட்வொர்க்

ஆள் மாறுகிற வேலை என்பதால்தான் தனித்தனி வேண்டும். ஒருவன் எதிர்க் கடைக்கு வேலைக்குப் போனால், பொதுப் பாஸ்வேர்ட் இருந்தால் உங்கள் கடைகளின் பாக்கிப் பட்டியலும் விலையும் அவன் போனோடு போய்விடும். ஆளுக்கு ஒரு லாகின், போனுக்கு ஒரு டோக்கன் (அடையாளச் சாவி), நீங்களே ஒரு பட்டனில் ரத்து செய்ய வசதி, இந்த மூன்றும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.

கையோடு இன்னொன்றும் சோதியுங்கள். அம்பாசமுத்திரம் லைன் பையனின் டோக்கனை எடுத்து, கோரிக்கையில் கடை எண்ணை மட்டும் வள்ளியூர்க் கடை ஒன்றின் எண்ணாக மாற்றி போஸ்ட்மேனில் அனுப்புங்கள். 403 (அனுமதி இல்லை) வந்தால் சரி. பாக்கித் தொகை வந்தால், ஆப் திரையில் அந்தக் கடையை மறைத்திருக்கிறார்களே தவிர சர்வரில் தடுக்கவில்லை என்று அர்த்தம். மென்பொருள் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் 2023-இல் வெளியிட்ட ஏபிஐ (புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வழி) பாதுகாப்புப் பட்டியலில் முதலிடம் இந்தக் குறைக்குத்தான். ரத்து செய்த டோக்கனை வைத்தும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், அதற்கு 401 (அடையாளம் செல்லாது) வர வேண்டும்.