125 மெகாஹெர்ட்ஸில் எமிஷன் டெஸ்ட் தேறவில்லை, போர்டில் எதை மாற்றினாலும் குறையவில்லை: உதவி தேவை

சுற்றுப்பலகை:
வணக்கம் நண்பர்களே. நாங்கள் தயாரிக்கும் ஒரு தரவுப் பதிவுக் கருவி ரேடியேட்டட் எமிஷன் டெஸ்டில் (கருவி காற்றில் வீசும் ரேடியோ இரைச்சலை அளக்கும் டெஸ்ட்) தேறாமல் நின்றுவிட்டது. சிஸ்பர் 32 தரநிலை, கிளாஸ் பி (வீடுகளில் பயன்படும் கருவிகளுக்கான வரம்பு), 3 மீட்டர் தூரம். 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை வரம்பு 40 டெசிபெல் (மைக்ரோவோல்ட்/மீட்டர்). எங்களுக்கு 75-ல் 38, 125-ல் 46, 175-ல் 43 வருகிறது. கண்டக்டட் டெஸ்டில் (கேபிள் வழியாகப் போகும் இரைச்சலை அளப்பது) பிரச்சினையே இல்லை.

பெயின்ட் அடித்த ஸ்டீல் பெட்டி, உள்ளே 4 அடுக்கு போர்டு, 24 வோல்ட் சப்ளை, ஈதர்நெட், ஷீல்டு உள்ள 60 செ.மீ. சென்சார் கேபிள். லூப் புரோபை (அருகில் உள்ள காந்தப் புலத்தைக் காட்டும் சிறு வளையம்) போர்டின் மேல் நகர்த்தினால் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் பக்கத்தில்தான் அதிகம் காட்டுகிறது. அதனால் கிரிஸ்டலுக்கு உலோக மூடி போட்டோம், கிளாக் லைனில் 33 ஓம் சேர்த்தோம், சப்ளை பின்களில் ஃபெரைட் பீட் (உயர் அதிர்வெண்ணைத் தடுக்கும் பாகம்) வைத்தோம். ஒன்றிரண்டு டெசிபெல்லுக்கு மேல் இறங்கவில்லை. இப்போது போர்டையே புதிதாக வரையலாமா என்று பேச்சு ஓடுகிறது. அதற்கு முன் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மின்தேக்கி:
24 வோல்ட் என்றால் ஸ்விட்சிங் ரெகுலேட்டர் இருக்குமே? இன்புட்டில் ஒரு காமன் மோட் சோக் (கேபிளின் எல்லா ஒயரிலும் ஒரே திசையில் ஓடும் இரைச்சலைத் தடுக்கும் சுருள்) போட்டுப் பாருங்கள். எனக்கு அது பலமுறை கைகொடுத்திருக்கிறது.

அலைவரிசை:
எனக்கு ரெகுலேட்டர் மேல் சந்தேகம் வரவில்லை. 75, 125, 175 மூன்றும் 25-ன் 3, 5, 7 மடங்கு. ஒற்றைப்படை ஹார்மோனிக் ஓங்கி நின்றால் அது சதுர அலை கிளாக். ரெகுலேட்டர் சத்தம் இந்தப் பகுதியில் பெரும்பாலும் அகன்ற மேடு மாதிரி தெரியும், இப்படிக் கம்பி கம்பியாக நிற்காது.

போர்டை வரைய அவசரப்படாதீர்கள். கிரிஸ்டல் பக்கத்தில் லூப் புரோப் துள்ளுவது இயல்பு, எந்த நல்ல போர்டிலும் துள்ளும். அந்தப் புலம் சில சென்டிமீட்டரிலேயே வேகமாக விழுந்துவிடும். 3 மீட்டர் தள்ளி நிற்கும் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர நீளமான ஏதாவது வேண்டும். 125 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.4 மீட்டர், அதில் கால் பங்கு 60 செ.மீ. உங்கள் சென்சார் கேபிள் எவ்வளவு நீளம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கரண்ட் கிளாம்ப் (கேபிளைச் சுற்றி மாட்டி அதில் ஓடும் கரண்ட்டை அளப்பது) ஒன்று இரவல் வாங்கி ஒவ்வொரு கேபிளிலும் மாட்டிப் பாருங்கள். 1 மீட்டர் கேபிளில் 50 மெகாஹெர்ட்ஸில் வெறும் 5 மைக்ரோஆம்ப் காமன் மோட் கரண்ட் ஓடினாலே 3 மீட்டரில் கிளாஸ் பி வரம்பைத் தொட்டுவிடும். கிளாம்பின் டிரான்ஸ்ஃபர் இம்பீடன்ஸ் (ஒரு ஆம்புக்கு அது எத்தனை வோல்ட் தரும் என்பது) 5 ஓம் என்றால், அந்த 5 மைக்ரோஆம்ப் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் மைனஸ் 79 டி.பி.எம். (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) ஆகத் தெரியும். லேபுக்குப் போகாமல் மேசையிலேயே பார்த்துவிடலாம். அப்புறம், கேபிளைக் கழற்றிப் பார்க்கும்போது ஷீல்டோடு சேர்த்து முழுக்கக் கழற்றுங்கள். ஷீல்டு தொங்கிக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது.

சுற்றுப்பலகை:
மிக்க நன்றி. கிளாம்ப் கிடைத்தது, அதே 5 ஓம்தான். 125 மெகாஹெர்ட்ஸில் ஈதர்நெட் கேபிளிலும் பவர் கேபிளிலும் மைனஸ் 90-க்குக் கீழே. சென்சார் கேபிளில் மைனஸ் 70! அதை முழுக்கக் கழற்றினால் மற்ற கேபிள்களில் எதுவும் ஏறவில்லை. ஆனால் ஷீல்டு உள்ள கேபிள் எப்படி இவ்வளவு வீசும்? அதுதான் புரியவில்லை.

அலைவரிசை:
ஷீல்டு உள்ளே எங்கே முடிகிறது? படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எழுதிச் சொல்லுங்கள்.

சுற்றுப்பலகை:
ஷீல்டைப் பின்னி, 5 செ.மீ. பச்சை ஒயர் வைத்து, போர்டில் கனெக்டருக்குப் பக்கத்தில் உள்ள கிரவுண்டு பின்னில் சால்டர் செய்திருக்கிறோம். போர்டு கிரவுண்டு பெட்டியோடு சேர்வது எதிர் மூலையில், பவர் இன்புட் பக்கம் ஒரே ஸ்க்ரூவில். சென்சார் முனையில் பிளாஸ்டிக் உறை, அங்கே ஷீல்டு எதோடும் சேரவில்லை.

அலைவரிசை:
அப்படியென்றால் காரணம் கிடைத்துவிட்டது. போர்டு கிரவுண்டு என்பது 125 மெகாஹெர்ட்ஸில் ஒரே மின்னழுத்தத்தில் இருக்காது. கிளாக் கரண்ட் திரும்பி வரும் வழியெல்லாம் சில மில்லிவோல்ட் ஏற்றத்தாழ்வு இருக்கும். பெட்டியோடு சேரும் ஸ்க்ரூ ஒரு மூலையில், ஷீல்டு எதிர் மூலையில். நடுவில் உள்ள அந்த மில்லிவோல்ட் முழுக்க ஷீல்டைத் தள்ளுகிறது. பெட்டி ஒரு பக்கம், ஷீல்டு மறுபக்கம், நல்ல ஆன்டெனா.

பச்சை ஒயரும் சும்மா இல்லை. ஒயருக்கு மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நானோஹென்றி, 5 செ.மீ.க்கு 50 நானோஹென்றி, 125 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 40 ஓம். மல்டிமீட்டர் அதை 0 ஓம் என்றுதான் காட்டும்.

ஷீல்டு பெட்டிச் சுவரிலேயே முடிய வேண்டும், சுற்றிலும் 360 டிகிரியும் தொட வேண்டும். உலோக கிளாண்டு (கேபிள் பெட்டிக்குள் நுழையும் துளையில் மாட்டி ஷீல்டைச் சுற்றிப் பிடிப்பது) அல்லது ஷீல்டை இறுக்கும் உலோகப் பட்டை போடுங்கள். அது உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். போர்டு கிரவுண்டையும் அந்த கனெக்டருக்குப் பக்கத்திலேயே உலோக ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் சிறு தூண்) வைத்துப் பெட்டியோடு சேருங்கள். முதலில் செம்பு டேப் வைத்து ஒப்பேற்றிப் பாருங்கள், பலன் தெரிந்தால் கிளாண்டு வாங்கலாம்.

மின்தேக்கி:
அலைவரிசை சொல்வது சரி, கிளாம்ப் அளவைப் பார்த்த பிறகு சோக் தேவையில்லை என்றே எனக்கும் படுகிறது. ஒரு சந்தேகம்: ஷீல்டைப் பெட்டியில் சேர்த்தால் கிரவுண்டு லூப்பாகி (இரு முனையிலும் கிரவுண்டு சேர்ந்து கரண்ட் சுற்றி ஓடும் பாதையாகி) சென்சாரில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வராதா?

அலைவரிசை:
மறு முனையில் ஷீல்டு எதையும் தொடவில்லையே, லூப்பே இல்லை. நாளை உலோக உறையுள்ள சென்சார் வந்தால் அந்த முனையில் நேரடியாகச் சேர்க்காமல் 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாகச் சேர்க்கலாம். 50 ஹெர்ட்ஸுக்கு அது 300 கிலோஓமுக்கு மேல், உயர் அதிர்வெண்ணில் ஓரிரு ஓம்.

சுற்றுப்பலகை:
செம்பு டேப்பிலேயே மைனஸ் 70 மைனஸ் 83 ஆனது. பிறகு கிளாண்டும் ஸ்டாண்ட்ஆஃபும் போட்டு மறுபடி லேபுக்கு எடுத்துப் போனோம். 125-ல் 33, 175-ல் 32. கிரிஸ்டல் மூடியையும் பீடுகளையும் கழற்றிவிட்டுத்தான் அளந்தோம். போர்டு அப்படியே இருக்கிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

அலைவரிசை:
கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. 7 டெசிபெல் இடைவெளி போதும், ஒரு பெட்டிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாட்டை அது தாங்கும். கிரவுண்டு வழி மாறிவிட்டதால் மின்னிறக்க டெஸ்டை, ஐ.இ.சி. 61000-4-2, ஒருமுறை திரும்பச் செய்துவிடுங்கள். கிளாண்டு உட்காரும் இடத்தில் பெயின்ட் படக்கூடாது என்று பெட்டியின் வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள். பெயின்ட் அடிப்பவருக்கு வாயால் சொன்னால் அடுத்த பேட்ச்சில் மறுபடி 46 வரும்.